அரை மணி முன்னால் இறங்கிய பறவைகள்

1992 செப்டம்பர் 24: 1
2018 ஏப்ரல் 29: 3,726
2018 ஜூலை 16: 823
அதே நாள்: 2,903

முதல் வரி, வெர்னா பெங்கெல்லி எழுதிய முதல் பதிவு. இரண்டாவது, இருபத்தாறு பருவங்கள் கழித்து அவர் எழுதி முடித்திருந்த மொத்தம். மூன்றாவது, அக்கரையில், ஆஸ்திரேலியப் பெருநிலத்திலுள்ள கடற்பறவைப் பதிவகம் ஏற்றுக்கொண்டவை. நான்காவது, அவர்கள் தள்ளியவை. கடைசி இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் சரியாக வந்தது. பதிவகம் அனுப்பிய கடிதத்தில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

வெர்னா 1951இல், சிட்னிக்குக் கிழக்கே நடுக்கடலிலுள்ள இந்த லார்ட் ஹாவ் தீவில் பிறந்தார். பள்ளி முடித்ததும் நான்கு வருடம் சிட்னியில் தட்டச்சு வேலை. பிடிக்காமல் திரும்பிவிட்டார். பனை ஏறி விதை பறிக்கும் ஆல்ஃபைக் கட்டிக்கொண்டார். தபால் நிலையக் கவுன்டரில் வாரம் மூன்று நாள் இருந்தார். அவருக்கு நீந்தத் தெரியாது, மீன் சாப்பிட மாட்டார். இந்தத் தீவில் இந்த இரண்டும் இல்லாமல் அறுபத்து மூன்று வருடம் கழித்த ஆள் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

1992 செப்டம்பரில் விடுதிக்கு வந்த ஒரு விருந்தாளி, தபால்தலை வாங்கும்போது, மட்டன்பறவைகள் தினமும் ஏழு மணிக்குக் கரை இறங்குகின்றன என்றார். "கடிகாரம் பாத்தா இறங்குது?" என்று கேட்டார் வெர்னா. அன்று மாலை போய்ப் பார்த்தார். முதல் பறவை தரையைத் தொட்டது ஆறு மணி ஏழு நிமிடத்துக்கு. மறுநாள் சொல்லலாமென்று போனால் விருந்தாளி விமானம் ஏறிவிட்டார். அன்று மாலையும் போனார். அதன்பின் பருவம்தோறும், வானிலை இடம்கொடுத்த மாலைகளிலெல்லாம் போய்க்கொண்டிருந்தார்.

மட்டன்பறவை என்று நாங்கள் சொல்லும் கடற்பறவை பகலெல்லாம் கடலில் இருக்கும். கரையோரப் பனங்காட்டின் மணலில் வளை தோண்டி முட்டையிடும். இருட்டத் தொடங்கிய பிறகுதான் வளைக்கு வரும். வெர்னா வளைகளுக்குப் பக்கத்தில் மடக்கு முக்காலி போட்டு உட்காருவார். டார்ச்சின் மேல் சிவப்புக் காகிதம். நண்பகலில் வானொலி மணியோடு சரிபார்த்த கைக்கடிகாரம். நோட்டில் நான்கு பத்திகள்: தேதி, சூரியன் மறைந்த நேரம், முதல் பறவை தரை தொட்ட நேரம், காற்று. பருவம் முடிந்ததும் அதன் நகல் பதிவகத்துக்குப் போகும். சூரியன் மறையும் நேரத்தை அவருக்குக் கொடுத்தவன் நான். முப்பத்தொரு வருடம் தீவின் வானிலை நிலையத்தில் இருந்தேன். என் வீடு அவர் வீட்டுக்கு இரண்டு வேலி தள்ளி.

துணைக்கு யாரையும் கூட்டிப்போக மாட்டார். "ரெண்டு பேர் இருந்தா பேச்சு வரும். பேச்சு வந்தா பறவை தப்பிடும்" என்பார். என்னையும் சேர்த்துத்தான்.

பதிவகத்தின் கடிதம் 2018 ஜூலை 16ஆம் தேதி, திங்கட்கிழமை வந்தது. கையெழுத்து டாக்டர் ஹிலரி வான்ஸ். வெர்னாவின் எல்லாப் பதிவுகளையும் கணினியில் ஏற்றி, சூரியன் மறையும் நேரத்தோடு ஒப்பிட்டிருந்தார்கள். செப்டம்பர், ஏப்ரல், மே மாதப் பதிவுகள் மிகச் சரியாக இருக்கின்றன: சூரியன் மறைந்து பதினான்கு முதல் இருபத்திரண்டு நிமிடத்துக்குள் முதல் பறவை. ஆனால் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான கோடைப் பதிவுகளில் சூரியன் மறைவதற்கு எட்டு முதல் பதினாறு நிமிடம் முன்பே பறவை இறங்கிவிடுகிறது. மட்டன்பறவை வெளிச்சத்தில் இறங்குவதில்லை. ஆகவே இவை நேரில் பார்த்து எழுதப்பட்டவை என்று கொள்ள இயலவில்லை. கோடை, விருந்தினர் மிகுதியாக வரும் காலமாதலால் கவனம் குறைந்திருக்கலாம். விதிவிலக்கு, 2010 ஜனவரி 9 முதல் 17 வரையிலான ஒன்பது இரவுகள். அவற்றில் உண்மையான கவனிப்பு தெரிகிறது. ஏற்ற பதிவுகளைத் தொகுக்கும் பதிவேடு 2019 ஜூன் 30 அன்று அச்சுக்குப் போகும். அன்றைக்கு வெளியே நிற்பவை வெளியேதான்.

வெர்னா கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"வில்ஃப், இதப் படி. ஒம்பது ராத்திரிதான் நான் ஒழுங்கா வேல பாத்தேனாம்."

படித்தேன். "எந்த ஒம்பதுன்னு ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? ஆல்ஃப் பனையிலேர்ந்து விழுந்து முதுகு போய்க் கெடந்தானே, அந்த ஒம்பதுதான். ஆள் பொரட்டி விட்டாத்தான் பொரளுவான். நான் எங்க போறது? சமையல்கட்டு ஜன்னலத் தெறந்து வெச்சுக்கிட்டு, சத்தம் கேட்டதும் மணியப் பாத்து எழுதினேன்."

"வீட்டுலேர்ந்துன்னு எழுதினியா?"

"எழுதல. மொத வர்ற பறவை வாயே தெறக்காது, வில்ஃப். ஊருபட்டது வந்து வளைக்குள்ள பூந்தப்புறம்தான் ஓலமிடும். வீட்டுக்குக் கேக்குறப்ப அரை மணி ஆகியிருக்கும். அது எனக்கு அப்பவே தெரியும்."

தள்ளப்பட்ட 2,903 அவர் முக்காலியில் உட்கார்ந்து பார்த்தவை. ஏற்கப்பட்ட கோடை இரவுகள் ஒன்பதும் அவர் பார்க்காதவை. அரை மணி தாமதமாக எழுதியது மட்டும் சரியாகத் தெரிகிறதென்றால், பதிவகத்தின் கணக்கு கோடையில் அரை மணி முன்னால் ஓடுகிறது. இதைக் கண்டுபிடிக்க வெர்னாவுக்குக் கடிதத்தை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது.

"அத அப்படியே எழுதி அனுப்பிடேன்," என்றேன்.

"பின்பக்கம் திருப்பு. ஏழாவது விதி."

திருப்பினேன். நேரில் காணாததைக் கண்டதாக எழுதியது உறுதியான நோக்கரின் பதிவுகள் அனைத்தும் நீக்கப்படும். 'அனைத்தும்' என்பதன் கீழே கோடிட்டிருந்தார்கள்.

ஆகவே அவரிடமிருந்த ஒரே நல்ல சான்றை அவர் பயன்படுத்த முடியாது. தவறு வேறு எங்கோ இருக்கிறது என்பதை, அந்த ஒன்பதைத் தொடாமல், அடுத்த ஜூனுக்குள் காட்ட வேண்டும். இல்லையென்றால் இருபத்தாறு கோடைகள் போய்விடும்.

அந்த வாரம் கடைக்குப் போனபோது செய்தி எங்களுக்கு முன்பே போயிருந்தது. கடைக்காரி டாட் கிரிம்ஷா ரொட்டியை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"என்ன வெர்னா, உன் பறவைங்கல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே வந்துடுதாமே? சும்மாத்தான இருக்கும், ரெண்ட இங்க அனுப்பு. கல்லாவப் பாத்துக்கட்டும்."

"உன் கடைக்குப் பாலே நாலு நாள் லேட்டாத்தான் வருது, டாட். எம் பறவையாவது முன்னாடி வருதுன்னு சந்தோஷப்படு."

"அது கப்பல் பண்ற தப்பு."

"இது கம்ப்யூட்டர் பண்ற தப்பு."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க," என்றாள் டாட், மிச்சத்தை எண்ணிக் கொடுத்தபடி.

கணக்கு எப்படிப் போட்டீர்கள் என்று வெர்னா பதிவகத்துக்கு எழுதிக் கேட்டார். அவர்கள் நல்லவர்கள். முழு நிரலையும் அச்சிட்டு அனுப்பினார்கள். ஆல்டர் என்ற நிரல்மொழியில் எழுதிய இருநூற்றுப் பதினொரு வரிகள். வெர்னா அடிக்கோலை ஒவ்வொரு வரியின் கீழும் வைத்துப் படித்தார். ஆல்டர் அவருக்குத் தெரியாது. ஆனால் கூட்டல் தெரியும், கழித்தல் தெரியும், மற்றவை கூட்டலுக்கும் கழித்தலுக்கும் இடையில் வருபவை என்று புரிந்துகொண்டார். ஐந்தாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"எல்லாம் சரியாத்தான் போட்டிருக்காங்க. நூத்து நாப்பதாவது வரிய மட்டும் பாரு. அங்க இவங்க கணக்குப் போடல. 'இந்த ஊர்ல இத்தன மணின்னா உலக நேரத்துல எத்தன மணி?'ன்னு அந்த மொழியக் கேக்குறாங்க. அது சொல்றத அப்படியே எடுத்துக்கிறாங்க. தப்பு மொழியிலதான் இருக்கு."

டாக்டர் வான்ஸ் பதில் எழுதினார்: ஆல்டரைப் பல்லாயிரம் பேர் பயன்படுத்துகிறார்கள். மொழியில் பிழை என்றால் மொழிக்காரர்கள் ஒப்புக்கொள்ளட்டும், நாங்களும் ஒப்புக்கொள்கிறோம்.

மொழிக்காரர்கள் மொத்தம் எட்டுப் பேர். எட்டு ஊர்களில் இருந்தார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. பிழை சொல்ல அவர்கள் வலைத்தளத்தில் ஒரு படிவம் இருந்தது. அதில் மூன்று கட்டங்கள்: என்ன செய்தீர்கள்? என்ன எதிர்பார்த்தீர்கள்? என்ன நடந்தது? வெர்னாவுக்குப் படிவம் உடனே பிடித்துப்போனது. தபால் நிலையத்தில் இவ்வளவு தெளிவான படிவம் ஒன்றுகூட இருந்ததில்லை என்றார்.

முதல் அறிக்கை ஆகஸ்ட் 2. என்ன செய்தீர்கள்: முக்காலி போட்டு உட்கார்ந்தேன். என்ன எதிர்பார்த்தீர்கள்: இருட்டிய பின் பறவை. என்ன நடந்தது: இருட்டிய பின் பறவை வந்தது, உங்கள் மொழி வெளிச்சத்தில் வந்ததாகச் சொல்கிறது.

ஆகஸ்ட் 4 அன்று பதில். 'பறவைகள் எங்கள் பொறுப்பில் இல்லை. மூடப்பட்டது.'

இரண்டாவது ஆகஸ்ட் 20. இம்முறை பறவையை எடுத்துவிட்டார். கோடையில் தீவின் நேரம் அரை மணி தவறாக வருகிறது என்று மட்டும் எழுதினார். மெல்போர்னிலிருந்து ஒருவர் பதில் போட்டார். 'கோடையில் உங்களுக்கும் சிட்னிக்கும் ஒரே நேரம்தானே. சிட்னியை வைத்துச் சோதித்தேன். சரியாக இருக்கிறது. மூடப்பட்டது.'

அவர் சொன்னதில் பாதி சரி. கோடையில் எங்களுக்கும் சிட்னிக்கும் ஒரே நேரம். ஆனால் குளிர்காலத்தில் நாங்கள் அரை மணி முன்னால் இருப்போம். கோடை வந்ததும் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி தள்ளுவார்கள், நாங்கள் அரை மணிதான் தள்ளுவோம். இப்படித்தான் ஒன்றாகச் சேருகிறோம்.

மூன்றாவது ஆகஸ்ட் 30. 'சிட்னி வேண்டாம், லார்ட் ஹாவ் தீவை வையுங்கள்' என்று எழுதினார். நார்வேயில் பெர்கன் என்ற ஊரிலிருந்து ஸ்வெர்ரே ஹௌகன் என்பவர் மறுநாளே பதில் எழுதினார். நேரம் பார்க்கும் பகுதி அவர் பொறுப்பு. 'என் கணினியை உங்கள் தீவு நேரத்துக்கு மாற்றினேன். இப்போது நல்ல கோடை. நேரம் நிமிடம் பிசகாமல் சரியாக இருக்கிறது. எனக்கு அந்தப் பிழை வரவில்லை. மூடப்பட்டது.'

வெர்னா இதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு வந்தார். அன்று தென்மேற்குக் காற்று, பதினான்கு டிகிரி. அவர் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

"கோடையாம்," என்றார்.

"அவங்க ஊர்ல கோடைதான், வெர்னா."

"உலகம் உருண்டைன்னு அவங்க ஊர்ல இன்னும் சொல்லித் தரலபோல."

ஆனால் கோபம் அன்றைக்கு மட்டுமே. தவறு தன் மேல்தான் என்று மறுநாள் சொன்னார். பார்க்கிறவன் எந்த நாளில் பார்க்கிறான் என்பதை அவன் விருப்பத்துக்கு விடக்கூடாது. படிவத்தின் கீழே ஒரு குறிப்பு இருந்ததை அப்போதுதான் கவனித்தார்: யார், எப்போது, எங்கிருந்து ஓட்டினாலும் அதே பிழை வரும்படி, இயன்ற அளவு சிறிய நிரலாக எழுதி அனுப்பவும்.

பதிவகத்தின் நிரலை எடுத்து, நூலகக் கணினியில் ஒவ்வொரு வரியாக வெட்டினார். வெட்டி, ஓட்டிப் பார்த்து, பிழை இன்னும் இருந்தால் அடுத்ததை வெட்டுவார். பிழை காணாமல் போனால் அந்த வரியைத் திரும்ப வைப்பார். ஏழு வாரம் ஆனது. இருநூற்றுப் பதினொன்று ஐந்தாகியது. அந்த ஐந்தில் பறவை இல்லை, சூரியன் இல்லை, வெர்னாவும் இல்லை. ஒரு தேதி, ஜனவரி 10, ஒரு நேரம், ஒரு தீவு, ஒரு கேள்வி, ஒரு விடை. பதினொரு மணி வித்தியாசம் என்று வர வேண்டிய இடத்தில் பதினொன்றரை வந்தது.

அக்டோபர் 22 அன்று அனுப்பினார். 24 அன்று ஸ்வெர்ரே எழுதினார்: 'ஓட்டினேன். எனக்கும் பதினொன்றரைதான் வருகிறது. அதுதான் சரி. உங்கள் குளிர்கால வித்தியாசம் பத்தரை. கோடை நேரம் என்றால் ஒரு மணி கூட்ட வேண்டும். பதினொன்றரை. மொழி எழுதப்பட்டபடி வேலை செய்கிறது. மூடப்பட்டது.'

நான்காவது முறை மூடியபின் வெர்னா என் வீட்டுப் பக்கமே வரவில்லை. மூன்று நாள் கழித்து வந்து, அரசிதழ் இருக்கிறதா என்று கேட்டார். கோடை நேரம் அரை மணி என்று அறிவித்த அரசிதழின் நகல் என்னிடம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். உள்ளூர் நேரமும் உலக நேரமும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய என் அழுத்தமானிக் குறிப்பேட்டிலிருந்து இரண்டு பக்கங்களும் கேட்டார். கொடுத்தேன். நவம்பர் 12 அன்று ஐந்தாவது அறிக்கையோடு எல்லாம் போயின. கூடவே ஒரு வரி எழுதினார்: 'நம்பிக்கை இல்லையென்றால் தொலைபேசியில் மணி கேளுங்கள்.' கீழே எண்.

டிசம்பர் 3, திங்கட்கிழமை, மாலை ஆறு நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. நான் அவர்கள் வீட்டில் வானொலிக்கு மின்கலம் மாற்றிக்கொண்டிருந்தேன். ஆல்ஃப் எடுத்து, "உனக்குத்தான். எவனோ மணி கேக்குறான்" என்று நீட்டினார். வெர்னா தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"பெங்கெல்லி அம்மாவா? நான் ஸ்வெர்ரே. இப்ப அங்க மணி என்ன?"

"ஆறு நாப்பது. சீக்கிரம் கேளுங்க, நான் ஏழு மணிக்குக் கரையில இருக்கணும்."

"சாயங்காலம் ஆறு நாப்பதா?"

"பின்ன, காலையிலயா உங்கள எதிர்பாத்துக்கிட்டு இருப்பேன்?"

"என் மெஷின்ல உங்க ஊர் நேரம் ஏழு பத்துன்னு இருக்கு."

"உங்க மெஷின் தப்பு."

எதிர்ப்பக்கம் கப்பல் ஒன்றின் சங்கொலி கேட்டது. பெர்கன் துறைமுக ஊர்.

"உங்க கடிகாரம் சரியா?" என்றார் ஸ்வெர்ரே.

"ரேடியோவோட சரி பாத்தது. பக்கத்துல வில்ஃப் இருக்கான், அவங்கிட்டயும் கேளுங்க. முப்பத்தோரு வருஷம் ஆபீஸ்ல மணி பாத்துத்தான் சம்பளம் வாங்கினான்."

"ஆறு நாப்பத்தொண்ணு," என்றேன்.

"எனக்கு ஏழு பதினொண்ணு," என்றார் ஸ்வெர்ரே. காகிதம் புரளும் சத்தம். "அம்மா, இந்தப் பகுதிய எழுதினது நான்தான். இடம் மிச்சம் பிடிக்க, எத்தன நிமிஷம் தள்ளணும்னு வெச்சுக்கல. கோடையா இல்லையான்னு மட்டும் வெச்சுக்கிட்டேன். கோடைன்னா ஒரு மணி. உலகத்துல எல்லா ஊரும் ஒரு மணிதான்னு நெனச்சுட்டேன்."

"நாங்க முந்நூத்தம்பது பேரு இருக்கோம்."

"தெரியுது. எனக்கும் அதே வருது, அம்மா. பிழைதான்."

"இத எழுத்துல போடுவீங்களா?"

"இப்பவே போடறேன்."

வெர்னா வைத்துவிட்டு முக்காலியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்றைய முதல் பறவை ஏழு மணி முப்பத்திரண்டு நிமிடம். மறுநாள் நூலகத்தில் அச்சிட்டுக்கொண்ட தாளை எனக்குக் காட்டினார். 'எனக்கும் அதே வருகிறது. திறக்கப்பட்டது.' நான்கு மாதம் மூடப்பட்டது, மூடப்பட்டது என்றே பார்த்த கண்ணுக்கு அந்தச் சொல் புதிதாக இருந்தது.

திருத்திய ஆல்டர் 2019 பிப்ரவரியில் வெளிவந்தது. மார்ச் 11 அன்று பதிவகம் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டியது. 2,903 கோடை இரவுகளும் பதினான்குக்கும் இருபத்திரண்டுக்கும் இடையில் வந்து உட்கார்ந்தன. டாட் கடையில் வெர்னாவுக்கு ஒரு கேக் கொடுத்தாள், முந்தைய நாளுடையது.

இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மார்ச் 19 அன்று டாக்டர் வான்ஸ் எழுதிய கடிதத்தில் மன்னிப்பு முதல் பத்தியில் இருந்தது, மகிழ்ச்சி இரண்டாவதில். திருத்திய கணக்கில் ஒன்பது இரவுகள் மட்டும் தனியே நிற்கின்றன. 2010 ஜனவரி 9 முதல் 17 வரை முதல் பறவை அரை மணி தாமதமாக வந்திருக்கிறது. இருபத்தாறு வருடத்தில் வேறெப்போதும் இல்லாதது. அந்த வாரம் கடல் சூடேறியிருந்ததா, இரை தொலைவில் போயிருந்ததா என்று பார்க்க ஒரு மாணவியை நியமித்திருக்கிறோம். மூன்று வருட ஆய்வு. அடுத்த ஜனவரியில் அவர் தீவுக்கு வந்து, அதேபோல் மறுபடி நடக்கிறதா என்று உங்களோடு உட்கார்ந்து பார்ப்பார்.

வெர்னா அன்று கரைக்குப் போய்வந்து, நோட்டில் எழுதி, அதன்பிறகுதான் கடிதத்தை ஆல்ஃபிடம் கொடுத்தார். நானும் இருந்தேன்.

"விடு. ஒம்பது ராத்திரி பறவை லேட்டா வந்துச்சு, அவ்வளவுதான. யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார் ஆல்ஃப்.

"வரல, ஆல்ஃப். சரியாத்தான் வந்திருக்கும். நான்தான் அங்க இல்ல."

"அது உனக்கும் எனக்கும் இவனுக்கும்தான் தெரியும். இவன் செத்தாலும் சொல்ல மாட்டான்."

"அந்தப் பொண்ணு மூணு வருஷம் தேடும்."

"தேடட்டுமே. படிக்கிற புள்ளைங்க எதையாவது தேடத்தான வேணும்?"

"இல்லாததத் தேடும், ஆல்ஃப். அந்த நார்வேக்காரன் ஆகஸ்டுல கோடையத் தேடினான் பாரு, அந்த மாதிரி. ஒவ்வொரு ஜனவரியும் வந்து உக்காரும். எனக்கு வரலியேன்னு எழுதும். தப்பு தன்கிட்டன்னு நெனைக்கும்."

ஆல்ஃப் முதுகைத் தேய்த்துக்கொண்டார். "ஏழாவது விதி இருக்கே. மொத்தமும் போயிடுமே, வெர்னா. இப்பத்தான் திரும்பி வந்துது."

"தெரியும்."

"நான் விழுந்ததுக்கு உன் இருபத்தாறு வருஷமா?"

"நீ விழுந்ததுல ஒரு தப்பும் இல்ல. ஜன்னல்லேர்ந்துன்னு ரெண்டு வார்த்த எழுதியிருந்தா முடிஞ்சுது. எழுத எடம் இருந்துது. காத்து எழுதற பத்தி பாதி காலியா கெடந்துது."

இருபது நாள் அவர் எழுதவில்லை. அந்த இருபது நாளும் கரைக்குப் போனார். நான் வேலியோரம் பார்ப்பேன்: முக்காலியோடு போவார், முக்காலியோடு வருவார். என்னிடம் யோசனை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஏப்ரல் 7 அன்று கடிகாரத்தை அரை மணி பின்னால் வைத்தோம். 9 அன்று, செவ்வாய்க்கிழமை, கடிதத்தை எழுதினார். தபாலில் சேர்க்குமுன் என்னைப் படித்துப் பார்க்கச் சொன்னார், எழுத்துப்பிழைக்காக. ஆல்டர்காரர்களின் படிவத்தையே கையால் கோடு போட்டு வைத்திருந்தார்.

என்ன செய்தீர்கள்: 2010 ஜனவரி 9 முதல் 17 வரை சமையலறை ஜன்னலில் நின்று பறவைகளின் ஓலம் கேட்ட நேரத்தை, முதல் பறவை தரை தொட்ட நேரம் என்று எழுதினேன்.

என்ன எதிர்பார்க்கப்பட்டது: வளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அல்லது அந்த நாட்களைக் காலியாக விட்டிருப்பேன்.

என்ன நடந்தது: இரண்டும் செய்யவில்லை. கணவருக்கு முதுகில் அடி. அது காரணம், சான்று அல்ல.

மறுபடி நிகழ்த்திப் பார்க்க: எந்த ஜனவரியிலும் எங்கள் சமையலறைக்கு வரலாம். ஜன்னல் தெற்குப் பக்கம். அரை மணி தாமதமாகக் கேட்கும்.

கடைசியில் ஒரு வரி: மாணவிக்கு வேறு ஆய்வு கொடுக்கவும்.

எழுத்துப்பிழை எதுவும் இல்லை என்றேன். தபால்தலையைத் தானே ஒட்டி, தானே முத்திரை குத்தி, பையில் போட்டார்.

டாக்டர் வான்ஸிடமிருந்து மே 2 அன்று ஒரு வரி வந்தது: விஷயம் குழுவுக்குப் போகிறது. குழுவில் ஏழு பேர். மே முழுவதும் வேறெதுவும் இல்லை. பருவம் முடிந்து பறவைகள் வடக்கே போய்விட்டன. வெர்னா மாலைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் டாட்டோடு சீட்டாடப் போனார். டாட் விஷயம் முழுவதும் தெரிந்து வைத்திருந்தாள்.

"உனக்குப் பைத்தியமா, வெர்னா? கெடச்சத வெச்சுக்கத் தெரியாதா?"

"சீட்டப் போடு."

"பன்னெண்டு வருஷமா எங்கிட்ட சீட்டுல ஏமாத்துற. அத எந்தக் குழுவுக்கும் எழுதலியே?"

"அத நீ கண்டுபிடிச்சு, திரும்பவும் செஞ்சு காட்டு. அப்பறம் எழுதறேன்."

பதிவேடு அச்சுக்குப் போகப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது குழுவின் கடிதம் விமானத்தில் வந்தது. ஒரு பக்கம்தான். ஏழாவது விதியின்படி அனைத்தையும் நீக்க மூன்று பேரும், வேண்டாம் என்று நான்கு பேரும் வாக்களித்திருந்தார்கள். ஒன்பது பதிவுகள் நோக்கரின் வேண்டுகோளின்படி நீக்கப்படுகின்றன. 3,717 நிற்கின்றன. மாணவிக்கு வேறு ஆய்வு தரப்பட்டது. அடுத்த பருவத்திலிருந்து எல்லா நோக்கர்களின் படிவத்திலும் ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்க்கப்படுகிறது: எங்கிருந்து பார்த்தீர்கள்?

வெர்னா கவுன்டரில் நின்றபடி ஒரு முறை படித்தார். "முதல்லயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி," என்றார். பிறகு உறையில் வருகைத் தேதி முத்திரை குத்தி, அந்தத் தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளும்படி என்னிடம் நீட்டினார்.

2019 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை.